சிங்கப்பூரில் விரத நாள் பார்ப்பது எப்படி: புதிதாக வந்தவர்களுக்கு

சிங்கப்பூருக்கு வந்து இறங்கியவர்களுக்கு முதல் மாதம் வேலை, வாடகை, சிம் கார்டு என்று ஓடிவிடும். இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பார்: "இன்னைக்கு அமாவாசை, ஞாபகம் இருக்கா?" அப்போதுதான் உறைக்கும். ஊரில் கோயில் மணி, பக்கத்து வீட்டுக் கோலம், மளிகைக் கடையில் தொங்கும் காலண்டர் எல்லாம் நமக்காக நாள் பார்த்துக்கொண்டிருந்தன. இங்கே ஆடிக் காற்றும் கிடையாது, மார்கழிப் பனியும் கிடையாது. மாதம் பிறந்ததை உடம்பு சொல்லாது. நாமேதான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது கஷ்டமில்லை. ஆனால் ஊர்க் காலண்டரை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சில நாள்கள் தவறிப்போகும். எப்போது அப்படியே எடுக்கலாம், எப்போது கூடாது என்பதை இங்கே பல வருடம் இருந்து கற்றுக்கொண்டேன். அதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: சந்திரன் கணக்கு வேறு, சூரியன் கணக்கு வேறு

பஞ்சாங்கத்தில் இருக்கும் நேரங்கள் இரண்டு வகை. இதை மட்டும் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

திதியும் நட்சத்திரமும் சந்திரனைப் பொறுத்தவை. சூரியனிலிருந்து சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி. அப்படி முப்பது திதி சேர்ந்தால் ஒரு சந்திர மாதம். வளர்பிறையில் பதினைந்து, தேய்பிறையில் பதினைந்து. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரம் வரையும் நீளலாம். ஏகாதசி காலையில் தொடங்காமல் மத்தியானம் மூன்றேகாலுக்குத் தொடங்குவதெல்லாம் இதனால்தான்.

அமாவாசை முடிகிற நொடி உலகம் முழுவதற்கும் ஒரே நொடிதான். கடிகாரம் காட்டும் எண் மட்டும் மாறும். இந்திய நேரத்தைவிடச் சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. ஆகவே ஊர்ப் பஞ்சாங்கத்தில் திதி, நட்சத்திர நேரம் எதைப் பார்த்தாலும் இரண்டரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். ஊரில் இரவு 10.10க்கு அமாவாசை முடிந்தால் இங்கே நள்ளிரவு தாண்டி 12.40.

இங்கே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் சிலர் "ரெண்டு மணி நேரம் கூட்டினா போதும்" என்பார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் காலத்துக்குச் சரி. 1982 ஜனவரி 1 அன்றுதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான்.

இரண்டாவது வகை சூரியனைப் பொறுத்தது: சூரிய உதயம், அஸ்தமனம், ராகு காலம், எமகண்டம், குளிகை, பிரதோஷ வேளை. இவற்றுக்கு ஊர் நேரத்தைக் கூட்டவும் கூடாது, அப்படியே எடுக்கவும் கூடாது. இங்கே சூரியன் எப்போது உதிக்கிறது என்பதை வைத்துத்தான் எண்ண வேண்டும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் இது மிகச் சுலபம். ஆண்டு முழுவதும் உதயம் ஆறே முக்காலுக்கும் ஏழேகாலுக்கும் நடுவில், அஸ்தமனம் ஆறு ஐம்பதுக்கும் ஏழு இருபதுக்கும் நடுவில். ஏழுக்கு ஏழு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ராகு காலத்தை இதிலேயே முடித்துவிடலாம். ஊரில் ஆறுக்கு ஆறு என்று வைத்துத் திங்கள் 7.30 முதல் 9 வரை என்கிறோம். இங்கே பகல் ஏழுக்குத் தொடங்குவதால் எல்லாம் ஒரு மணி தள்ளிப்போகும். திங்கள் 8.30 முதல் 10, ஞாயிறு 5.30 முதல் 7. "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்று சின்ன வயதில் சொல்லிக்கொடுத்த வரிசை அப்படியே பயன்படும், தொடங்கும் மணி மட்டும் எட்டரை. ராகு காலத்துக்கும் இரண்டரை மணி கூட்டி 10 முதல் 11.30 என்று எழுதிவைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு.

இரண்டாம் படி: எந்த நாள் என்று தீர்மானிப்பது

திதி ஒரு நாளின் நடுவில் தொடங்கி மறுநாள் நடுவில் முடிகிறது. விரதம் எந்த நாளில்? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு விரதத்துக்கும் ஒரு பதில் உண்டு. அந்தத் திதி எந்த வேளையில் இருக்க வேண்டும் என்பதுதான் அது.

ஏகாதசியை எடுத்துக்கொள்வோம். பொதுவாக உதயத்தில் ஏகாதசி இருக்கும் நாளே விரத நாள். ஒரு பேச்சுக்கு, சென்னைக் காலண்டரில் ஏகாதசி திங்கள் காலை 5.20க்குத் தொடங்கி, செவ்வாய் காலை 4.50க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் திங்கள் ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும்போது ஏகாதசி வந்துவிட்டது. அங்கே திங்கள் விரதம்.

இப்போது இரண்டரை மணி கூட்டுங்கள். சிங்கப்பூரில் ஏகாதசி திங்கள் காலை 7.50க்குத் தொடங்குகிறது, செவ்வாய் 7.20க்கு முடிகிறது. இங்கே உதயம் 7.05 என்றால், திங்கள் உதயத்தில் இன்னும் தசமிதான். செவ்வாய் உதயத்தில்தான் ஏகாதசி இருக்கிறது, அதுவும் கால் மணி நேரம். ஆனாலும் அதுவே கணக்கு. அம்மா ஊரில் திங்கள் விரதம் இருப்பார், நீங்கள் இங்கே செவ்வாய் இருப்பீர்கள். இரண்டு பேரும் சரி.

இப்படி மாறுவது எப்போதாவதுதான். மாறும்போது சிங்கப்பூர் நாள் ஊரைவிட ஒரு நாள் பிந்தும். காரணம், நம் சூரியன் அவர்களுடையதைவிட முன்னாலேயே உதித்துவிடுகிறது. அந்த நேரத்தில் திதி இன்னும் பிறந்திருக்காது. ஊர்க் காலண்டரில் ஒரு திதி விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் இடையில் தொடங்குவதாகப் போட்டிருந்தால் உஷாராகிவிடுங்கள், அந்த நாளைச் சரிபார்க்க வேண்டும். வைணவ முறையில் இருப்பவர்கள் உதயத்துக்கு 96 நிமிடம் முந்திய அருணோதயத்திலேயே தசமி கலக்காமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் நாள் சில சமயம் இன்னும் ஒன்று தள்ளும்.

ஏகாதசியில் விரதம் இருப்பதைவிட அதை முடிப்பதில்தான் கவனம் வேண்டும். மறுநாள் உதயத்துக்குப் பிறகு, துவாதசி போவதற்குள் பாரணை செய்துவிட வேண்டும். துவாதசியின் முதல் கால் பகுதி ஹரிவாசரம். அது கழிந்த பிறகு சாப்பிடுவது முறை. அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் இதற்கு வேண்டும். தேக்கா சந்தையில் கீரைக் கட்டு காலையிலேயே போய்விடும், முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதோஷத்துக்கு அஸ்தமன வேளையில் திரயோதசி இருக்க வேண்டும். ஊரில் நாலரை முதல் ஆறு என்று பழகியிருப்போம். இங்கே அது ஐந்தரை முதல் ஏழு. வேலை முடிந்து நேராகக் கோயிலுக்குப் போக இந்த நேரம் தோதாக இருக்கும். சங்கடஹர சதுர்த்திக்குச் சந்திரன் உதிக்கும்போது தேய்பிறைச் சதுர்த்தி இருக்க வேண்டும். இங்கே அன்று நிலா இரவு ஒன்பதரை, பத்து வாக்கில்தான் எழும்பும். பத்தாவது மாடியில் இருந்தாலும் எதிர் பிளாக் மறைக்கும், அதற்குமேல் மேகம் மறைக்கும். நிலாவைக் கண்ணால் பார்க்க முடியவில்லை என்று பட்டினியை நீட்டிக்கொண்டு போகாமல், சந்திரோதய நேரத்தைப் பார்த்துக் கிழக்கே கும்பிட்டுவிட்டு முடித்துக்கொள்ளலாம்.

சிவராத்திரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாசி மாதத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவு அது. நாலு சாமமும் கண் விழிக்க வேண்டும். சாமம் என்பது அஸ்தமனம் முதல் உதயம் வரையுள்ள இரவின் கால் பங்கு. இங்கே அது ஏறத்தாழ ஏழு முதல் பத்து, பத்து முதல் ஒன்று, ஒன்று முதல் நான்கு, நான்கு முதல் ஏழு. உண்மையான நடு இரவு இங்கே பன்னிரண்டு மணி அன்று. பிப்ரவரியில் அது ஒன்றேகால் சுமாருக்கு வருகிறது. பன்னிரண்டடித்ததும் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடுபவர்கள், சிவன் லிங்கமாகத் தோன்றியதாகச் சொல்லும் அந்த நடு இரவு வேளையான லிங்கோத்பவ காலத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். கெய்லாங் ஈஸ்ட்டில் உள்ள சிவன் கோயிலில் அன்றிரவு இருந்து பாருங்கள்.

மூன்றாம் படி: காலண்டரும் ஆப்பும்

போனில் பஞ்சாங்க ஆப் போட்டவுடன் முதலில் ஊரைப் பாருங்கள். பெரும்பாலும் அது சென்னை என்றோ வடநாட்டு நகரம் ஒன்றிலோ நிற்கும். சிங்கப்பூருக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு அது காட்டும் நேரத்தோடு மறுபடி இரண்டரை மணி கூட்டக் கூடாது, ஆப்பே கூட்டிவிட்டது. ஆப் சரியாக மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி: சூரிய உதயம் எத்தனை மணி என்று பாருங்கள். ஏழை ஒட்டி இருந்தால் சிங்கப்பூர். ஆறை ஒட்டி இருந்தால் இன்னும் ஊரிலேயே நிற்கிறது.

ஊரிலிருந்து நாள் கிழிக்கும் காலண்டர் கொண்டுவந்து மாட்டியிருந்தால் அப்படியே இருக்கட்டும். அதைக் கிழிப்பதிலேயே ஒரு நிம்மதி இருக்கிறது. ஆனால் அதன் மேல் அட்டையில் பேனாவால் "திதி +2.30, ராகு +1" என்று எழுதிவிடுங்கள்.

வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு வகைப் பஞ்சாங்கம் உண்டு. வாக்கியம் பழைய சூத்திரங்களைக் கொண்டு கணிப்பது, திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கோடு ஒத்துப்போவது. இரண்டுக்கும் திதி முடிவில் சில மணி நேரம் வித்தியாசம் வரும். உங்கள் வீட்டில் எது வழக்கமோ அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த மாதம் இது, அடுத்த மாதம் அது என்று வசதிப்படி மாறினால் குழப்பம்தான் மிஞ்சும்.

சந்தேகம் தீரவில்லையா, கோயிலில் கேளுங்கள். இங்குள்ள கோயில்கள் சிங்கப்பூருக்கென்று கணித்த நாள்களைத்தான் அறிவிக்கின்றன. பெருவிழாக்களுக்குக் கோயில் சொல்லும் நாளே நம் நாள்; தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டு ஊரே கூடும் நாளை விட்டுவிட வேண்டாம். பெரும்பாலான கோயில்கள் மதியம் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். அதையும் போனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

நான்காம் படி: ஆண்டை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பது

நம் தமிழ் மாதம் சூரிய மாதம். சூரியன் ராசி மாறும்போது மாதம் பிறக்கிறது. அதனால் பொங்கலும் சித்திரை முதல் நாளும் ஆங்கிலத் தேதியில் ஏறக்குறைய அசையாமல் 14, 15இல் நிற்கும். விழாக்கள் பெரும்பாலும் அந்தச் சூரிய மாதத்துக்குள் வரும் ஒரு திதியிலோ நட்சத்திரத்திலோ விழுகின்றன. தையில் பூசம், பங்குனியில் உத்திரம், வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கார்த்திகை, மார்கழியில் திருவாதிரை: இவை நட்சத்திரம் பார்ப்பவை. விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, கந்த சஷ்டி, வைகுண்ட ஏகாதசி, தீபாவளி: இவை திதி பார்ப்பவை. ஆடிப்பெருக்குக்கு மட்டும் ஆடி 18 என்று நேராகத் தேதி.

பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள்தான். ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைகிறது. மலாய் அண்டை வீட்டாரின் நோன்புப் பெருநாள் ஒவ்வொரு ஆண்டும் முன்னால் வந்துகொண்டே இருப்பது அதனால்தான். நம் விழாக்கள் சூரிய மாதத்தோடு கட்டப்பட்டிருப்பதால் முன்னால் வந்து, வந்து, பிறகு ஒரே தாவாகப் பின்னால் போகும். தீபாவளியைப் பாருங்கள்: 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. ஒரு தடவை பதினொரு நாள் முன்னால், அடுத்த தடவை பத்தொன்பது நாள் பின்னால். ஊருக்கு டிக்கெட் எடுப்பவர்கள் போன வருடத் தேதியை நம்பி எடுக்காதீர்கள்.

தீபாவளிக்கு இங்கே பொது விடுமுறை. நமக்கு அது சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியல். வட இந்தியர்களுக்கு அமாவாசை மாலையில் லட்சுமி பூஜை. சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் வரும், சில ஆண்டுகளில் அடுத்தடுத்து வரும். அலுவலகத்தில் யாராவது மறுநாள் இனிப்பு கொண்டுவந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வெடி இங்கே தடை, மத்தாப்பு மட்டும் கொளுத்தலாம். நடைபாதையில் அகல் விளக்கு வைக்கும்போது பக்கத்து வீட்டார் நடக்க வழி விட்டு, செருப்பு அலமாரிப் பக்கம் வைக்காமல், அணையும் வரை கூடவே இருங்கள்.

தீபாவளிக்கு முன்பே ஐப்பசியில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி. 1827இல் எழுந்த கோயில் அது, இந்த நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமைகளுக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில். ஃபேரர் பார்க் எம்.ஆர்.டி.யில் இறங்கினால் பக்கத்திலேயே. பங்குனி உத்திரத்துக்கு ஈசூனில் உள்ள புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில். இலங்கைத் தமிழர் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயில் இருக்கிறது.

தைப்பூசத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வந்தவர்கள் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். இவ்வளவு பெரிய விழா, பொது விடுமுறை நிச்சயம் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். 1968 வரை இருந்தது, பிறகு இல்லை. லீவு நீங்கள்தான் போட வேண்டும். பூசத்துக்கு முதல் நாள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் கியோங் சைக் ரோட்டிலுள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலுக்கு, அண்ணனைப் பார்க்கப் போய்விட்டு மாலையில் திரும்புவார். மறுநாள் பால்குடமும் காவடியும் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் புறப்பட்டு, டேங்க் ரோடு வரை சுமார் 3 கிலோமீட்டர் நடக்கும். நேர்ந்துகொண்டிருந்தால் அன்று காலையில் போய் நின்றுகொள்ள முடியாது, முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு திறப்பதை இந்து அறக்கட்டளை வாரியமும் கோயில்களும் அறிவிக்கும். விடியற்காலை போவது நல்லது. பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை காலைச் சுட்டுவிடும், வெறுங்காலில் நடந்தவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: சாப்பாடு

விரத நாளில் தேக்கா பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை. சைவ உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன; கோமள விலாஸ் 1947 முதல் அங்கே இருக்கிறது. நம்மில் பலர் வேலை செய்வது ஜூரோங்கிலோ சாங்கியிலோ. பக்கத்தில் இருப்பது ஒரு கோப்பிக்கடை மட்டுமே.

அங்கே சீனச் சைவக் கடை இருக்கிறதா என்று பாருங்கள். பௌத்த முறைப்படி நடத்தும் கடைகளில் வெங்காயமும் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். நம் வீட்டில் விரதத்துக்கு விலக்குவதையே அவர்களும் விலக்குகிறார்கள் என்று தெரிந்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்துபோயிற்று. முட்டை சேர்க்கிறார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், சில கடைகளில் உண்டு. ஏகாதசிக்கு அரிசி ஆகாது என்பவர்கள் அங்கே பீஹூன் வாங்கிவிட வேண்டாம், அதுவும் அரிசிதான். காய்கறியும் டோஃபுவும் மட்டும் தட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர்களில் பலர் சைவம் சாப்பிடுவார்கள். அந்த நாள்கள் நம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டியே வரும். அன்று பன்னிரண்டரைக்குப் போனால் சைவக் கடையில் நீண்ட வரிசை நிற்கும், பாதிப் பதார்த்தம் தீர்ந்திருக்கும். பதினொன்றரைக்கே போய்விடுங்கள். காலண்டர் பார்க்க மறந்த ஒரு நாள் அந்த வரிசையைப் பார்த்தே இன்று அமாவாசை என்று நான் கண்டுபிடித்திருக்கிறேன்.

கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்துகொண்டு வெயிலில் சாரத்தில் ஏறாதீர்கள். உடம்புக்கு முடியாதவர்கள் பால், பழம், நீர் எடுத்துக்கொள்ளலாம் என்று நம் பெரியவர்களே வழி வைத்திருக்கிறார்கள். விடுதிக்குச் சாப்பாடு கட்டிக்கொடுப்பவரிடம் மாதத்தின் விரத நாள்களை முதல் வாரத்திலேயே எழுதிக்கொடுத்துவிட்டால் அன்று சைவமாகவே வரும். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் பட்டினி இருக்க வேண்டாம்.

அமாவாசைச் சோற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊரில் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவோம். இங்கே பறவைகளுக்கும் காட்டு உயிர்களுக்கும் தீனி போடுவது சட்டப்படி குற்றம், அபராதம் விழும். புல்தரையில் சோறு வைக்காதீர்கள். சாமி படத்துக்கு முன் இலையில் படைத்து, முன்னோரை நினைத்து, அதையே எடுத்துச் சாப்பிடுங்கள். முடிந்தால் கோயில் அன்னதானத்துக்குப் பத்து வெள்ளி எழுதுங்கள்.

ஆறாம் படி: அப்பா அம்மாவின் திதி

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதில்தான் நான் ஒரு முறை தவறவிடப் பார்த்தேன்.

என் அப்பா தவறியது ஆவணி மாதத் தேய்பிறைத் தசமி. இங்கே வந்த முதல் ஆண்டு, ஊரில் அண்ணன் "செவ்வாய்க்கிழமை திதி" என்றார். நானும் செவ்வாய்க்கு லீவு எழுதிக் கொடுத்தேன். காலையில் குளித்துவிட்டு, எள்ளும் தர்ப்பையும் வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வயதான குருக்கள் ஒருவர், மாதம், பிறை, திதி மூன்றையும் கேட்டார். தேதியைக் கேட்கவில்லை. பஞ்சாங்கத்தைப் புரட்டி, விரல் மடக்கி எண்ணிவிட்டு, "இன்னைக்குப் பிற்பகல்ல இங்கே இன்னும் நவமிப்பா. தசமி சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வருது. நாளைக்கு ரெண்டரைக்கு வா" என்றார்.

சிராத்தத்துக்கு உதயம் பார்ப்பதில்லை. பகலை ஐந்தாகப் பிரித்து நான்காம் பங்கான அபராண்ண வேளையில் அந்தத் திதி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஊரில் அது ஒன்றேகால் முதல் மூன்றரை வரை. இங்கே இரண்டேகால் முதல் நாலரை வரை. அன்று தசமி ஊரில் மத்தியானம் இரண்டரைக்குப் பிறந்தது, அந்த வேளைக்குள் வந்துவிட்டது. இங்கே அது மாலை ஐந்து. வேளை தாண்டிவிட்டது. மறுநாள் மூன்றரை வரை தசமி இருந்தது. அதனால் அண்ணனுக்குச் செவ்வாய், எனக்குப் புதன்.

மறுநாளுக்கு லீவு இல்லை. சூப்பர்வைசரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சீனர். "அப்பாவுக்கா? போய் வா" என்று மூன்று மணி நேரம் விட்டார். இப்போதெல்லாம் லீவு எழுதும்போது, "இறந்த தந்தைக்கு ஆண்டுச் சடங்கு" என்று காரணத்தையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். இங்குள்ள எல்லா இனத்தாருக்கும் அது புரிகிற காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே ஊருக்குப் போன் போட்டு, வீட்டில் திதி கொடுக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்ற மூன்றையும் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஆங்கிலத் தேதி மட்டும் தெரிந்தால், இறந்த நேரத்தையும் ஊரையும் குறித்துக்கொண்டு குருக்களிடம் கொடுத்தால் அவர் திதியைச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தமிழ் மாதம் பிறந்தவுடன் தாளை எடுத்துச் சிங்கப்பூர்ப் பஞ்சாங்கத்தில் பிற்பகல் இரண்டேகால் முதல் நாலரைக்குள் அந்தத் திதி எந்த நாளில் இருக்கிறது என்று பாருங்கள். ஆடி, தை அமாவாசைகளுக்கும் மகாளய அமாவாசைக்கும் கோயில்களில் கூட்டம் அதிகம், தர்ப்பணத்துக்கு ஒரு வாரம் முன்பே அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள். குடும்ப வழக்கம் வேறாக இருந்தால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதே மேல்.

அந்தப் புதன்கிழமை வேலையிடத்திலிருந்து நேராகப் போய்விட்டேன். கோயில் குழாயில் குளித்து, கொண்டுபோன வேட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குருக்கள் கோத்திரமும் பெயரும் கேட்டு, எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னார். மூன்றேகாலுக்கு முடிந்தது. தசமி போக இன்னும் கால் மணி நேரம் இருந்தது.